இறுதிப் போட்டிக்கு 7-1 பெஞ்ச்: ஃபாஃப் காயப்பட்டால் ஒன்பதாம் எண்ணில் யார்?

பச்சைச்சட்டை (26 அக்டோபர் 2023)

சனிக்கிழமை நியூசிலாந்துக்கு எதிரான ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கான ஸ்பிரிங்பாக் (தென்னாப்பிரிக்கா) அணியைப் பார்த்தீர்களா? நான் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், மூன்று முறையும் அதே விடைதான் வருகிறது. பெஞ்சில் மாற்று ஆட்கள் எட்டுப் பேர், அதில் ஏழு பேர் ஃபார்வர்டுகள், அதாவது ஸ்க்ரமில் கோத்துக்கொண்டு எதிரணியைத் தள்ளும் கனமான ஆட்கள். மிச்சமிருக்கும் ஒரே பேக் (ஸ்க்ரமுக்குப் பின்னால் நின்று ஓடுபவர்) வில்லி லி ரூ, அவர் கடைசியில் நிற்கும் ஃபுல்-பேக். மாற்று ஸ்க்ரம்-ஹாஃப் (ஒன்பதாம் எண், ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) இல்லை, மாற்று ஃபிளை-ஹாஃபும் (பத்தாம் எண், ஆட்டத்தை நடத்துபவர்) இல்லை.

தொடங்கும் பதினைந்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் எண் லிபாக்கை அரையிறுதியில் அரை மணி நேரத்திலேயே வெளியே எடுத்தார்கள், பொல்லார்ட் வந்தார், 78-ஆம் நிமிடத்தில் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்து பெனால்டி அடித்தார், இங்கிலாந்தை 16-15 என்று தாண்டினோம். அதைப் பார்த்தபிறகு பத்தாம் எண்ணில் யார் என்று கேட்பவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். ஃபாஃப் டி கிளர்க் தொடங்குவதும் சரி. 2019 இறுதிப் போட்டியைத் தொடங்கிய பதினைந்து பேரில் பத்துப் பேர் இப்போதும் தொடங்குகிறார்கள், இந்த அனுபவத்துக்கு ஈடு கிடையாது.

என் வயிற்றைக் கலக்குவது பெஞ்ச்தான். பிரான்சுக்குப் புறப்பட்டபோது நான்கு ஸ்க்ரம்-ஹாஃப்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான்கு! ருமேனியாவோடு ஆடியபோது கிராண்ட் வில்லியம்ஸை விங்கில் நிறுத்த வேண்டிய அளவுக்கு ஆட்கள் மிச்சம். இப்போது இறுதிப் போட்டிக்கு ஒருவர் மட்டும் களத்தில், மற்றவர்கள் சூட் போட்டுக்கொண்டு கேலரியில். ஃபாஃப் பத்தாவது நிமிடத்தில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

செப்டம்பர் 23 அன்று அயர்லாந்துக்கு எதிராகவும் இதே 7-1 வைத்தோம், 13-8 என்று தோற்றோம். அன்றைக்காவது பெஞ்சில் இருந்த ஒரே பேக் ரைனாக், அதாவது ஒரு ஸ்க்ரம்-ஹாஃப். இந்த முறை அதுவும் இல்லை. அணியை நடத்தும் நீனபருக்கும் ராஸிக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் யாராவது இதை எனக்குப் புரியவைத்தால் இரண்டு இரவு தூங்குவேன்.

கறுப்புச்சட்டை

தூங்க வேண்டாம் நண்பரே, நாங்களும் தூங்கப் போவதில்லை. ஆனால் உங்கள் பெஞ்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விழித்திருப்போம்.

எங்கள் நியூசிலாந்து பக்கம் 5-3, பேக்குகள் மூவர்: கிரிஸ்டி, மெக்கென்சி, லீனர்ட்-பிரவுன். ஒன்பது, பத்து, பதினைந்து, சென்டர் என்று எல்லா இடத்துக்கும் மாற்று இருக்கிறது. ஆரன் ஸ்மித் களைத்தால் ஆள் உண்டு. உங்களுக்கு? கோல்பேயைப் போய் ஸ்க்ரமுக்குப் பின்னால் நிறுத்துவீர்களா? நிறுத்துங்கள், அவர் விங்கில் இல்லாமல் போனால் அதுவே எங்களுக்கு லாபம். எங்கள் விங்கர் வில் ஜோர்டன் இந்தத் தொடரில் எட்டு டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டுவிட்டார், இன்னும் ஒன்று போட்டால் ஒரே தொடரில் எட்டுப் போட்ட லோமு, ஹபானா, ஜூலியன் சவேயா மூவரையும் தாண்டிவிடுவார். அந்த ஒன்றை யார் பக்கம் போடுவார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை

பச்சைச்சட்டை, நீங்கள் பயப்படுவது நியாயம்தான், ஆனால் அயர்லாந்து ஆட்டத்தை இதற்கு உதாரணமாக இழுக்காதீர்கள். அன்று பெஞ்ச் தோற்கவில்லை, கால்தான் தோற்றது. லிபாக்கும் ஃபாஃபும் கம்பத்துக்குக் குறிவைத்து விட்டுக்கொடுத்த புள்ளிகள் மட்டும் 11. ஐந்து புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டம் அது. அந்த உதைகளில் பாதி உள்ளே போயிருந்தால் இன்று 7-1 என்பது ஞானம் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருப்போம்.

இப்போது பெஞ்ச் எதற்கு என்று யோசியுங்கள். நாம் பெஞ்சைக் காப்பீடு மாதிரி பார்க்கிறோம், யாருக்காவது அடிபட்டால் உதவும் என்று. இவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. பெஞ்சை ஆட்டத்தின் இரண்டாம் பாதி மாதிரி பார்க்கிறார்கள். ஃபார்வர்டுகளில் ஏழு பேரை மாற்றலாம் என்றால் எட்டுப் பேர் கொண்ட கூட்டத்தையே ஏறக்குறைய புதிதாக இறக்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் ஸ்க்ரம், மால் (பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கூட்டமாகத் தள்ளுவது), டாக்கிள் என்று உடம்பை அடித்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். ஃபிளை-ஹாஃபை யாரும் களைப்புக்காக வெளியே எடுப்பதில்லை, ஆட்டம் இழுபறியில் இருக்கும்போது பொல்லார்டை 65-ஆம் நிமிடத்தில் வெளியே எடுப்பீர்களா என்ன? மாட்டீர்கள். அப்போது மாற்று ஃபிளை-ஹாஃபின் வேலை எண்பது நிமிடமும் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருப்பது. அந்த நாற்காலியை ஜாஸ்பர் வீஸவுக்குக் கொடுத்தால் கடைசி இருபது நிமிடத்துக்குப் புதுக் கால் கொண்ட ஒரு நம்பர் எட்டு (ஸ்க்ரமின் கடைசியில் நிற்பவர்) கிடைக்கிறார்.

அரையிறுதியே சாட்சி. 53-ஆம் நிமிடத்தில் 15-6 பின்தங்கியிருந்தோம். திருப்பியது யார்? ஆக்ஸ் ந்சே வந்தார், இங்கிலாந்தின் ஸ்க்ரம் பின்னால் போகத் தொடங்கியது, பெனால்டி மேல் பெனால்டி. ஸ்நைமன் வந்தார், 69-ஆம் நிமிடத்தில் டிரை. பொல்லார்ட் அடித்த அந்தக் கடைசி உதையும் ஒரு ஸ்க்ரம் பெனால்டியில் கிடைத்ததுதான், அதை மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்று. நியூசிலாந்து வெள்ளிக்கிழமை அர்ஜென்டினாவை 44-6 என்று ஊதித் தள்ளிவிட்டு ஓய்வெடுத்தது. நாம் பிரான்சோடு ஒரு புள்ளி, இங்கிலாந்தோடு ஒரு புள்ளி என்று கடைசி நிமிடம் வரை முட்டிக்கொண்டு வந்திருக்கிறோம், அதுவும் ஒரு நாள் குறைந்த ஓய்வில். தொடங்கும் ஃபார்வர்டுகளிடம் ஐம்பது நிமிடத்துக்கு மேல் கேட்பது கஷ்டம். இதுதான் 7-1-க்கு உண்மையான காரணம் என்பது என் கணிப்பு.

அப்புறம், க்வாகா ஸ்மித்தை ஃபார்வர்டு என்று மட்டும் எண்ணாதீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸெவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ரக்பி) ஆடி வெண்கலம் வாங்கியவர். அவசரத்துக்கு விங்கில் நிற்பார். கோல்பேயும் அதே வெண்கல அணியில் இருந்தவர்தான். ஆக ஃபாஃப் போனால் கோல்பே ஒன்பதுக்கு வருவார், லி ரூ பின்னால் இறங்குவார், அழகாக இருக்காது, ஆனால் ஆட்டம் நடக்கும்.

கறுப்புச்சட்டை

"அழகாக இருக்காது ஆனால் ஆட்டம் நடக்கும்" என்பதை உங்கள் ஜெர்சியிலேயே அச்சடித்துக்கொள்ளலாம்.

புதுவரவு

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும். உலகக் கோப்பையால்தான் ரக்பி பார்க்கத் தொடங்கினேன். 7-1 வைப்பது விதிக்கு உட்பட்டதுதானா? எல்லா இடத்துக்கும் ஒரு மாற்று ஆள் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையா?

டைட்ஹெட்3

புதுவரவு, நல்ல கேள்வி. பதில் சொல்லப் போனால் நம் நண்பர்கள் இருவரும் தப்பான எண்ணைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்பதும் வெளிவரும்.

எட்டுப் பேர் கொண்ட பெஞ்சில் கட்டாயம் ஒன்றுதான்: முன்வரிசைக்கு மூன்று மாற்று ஆட்கள். ஸ்க்ரமின் முன்வரிசையில் இரு ஓரத்திலும் நிற்கும் பிராப் இரண்டு பேர், நடுவில் நிற்கும் ஹூக்கர் ஒருவர். மற்ற ஐந்து இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். ஒன்பதாம் எண்ணுக்கு ஆள் இல்லாவிட்டால் விதி உங்களைத் தொந்தரவு செய்யாது, யாரோ ஒருவர் போய்ப் பந்தை எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் அப்படி யாரோ ஒருவர் போய் நிற்க முடியாது, கழுத்து உடையும். அதனால்தான் அந்த மூன்று இடத்துக்கு மட்டும் தனிச் சட்டம்.

இப்போது இரண்டாம் எண்ணை, அதாவது ஹூக்கரைப் பாருங்கள். போங்கி ம்பொனாம்பி. மற்றொரு ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் செப்டம்பரில் பயிற்சியில் முழங்கால் போய் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரை அழைப்பார்கள் என்று பார்த்தால் வந்து இறங்கியவர் பொல்லார்ட், ஒரு ஃபிளை-ஹாஃப்! ஆக அணியில் முழுநேர ஹூக்கர் ஒருவர்தான். பெஞ்சில் 16-ஆம் எண் போட்டிருப்பவர் டியோன் ஃபூரி. வயது 37. ஹூக்கராகப் பல வருடம் ஆடியவர்தான், மறுக்கவில்லை, ஆனால் சமீப வருடங்களில் அவர் ஃபிளாங்கர் (ஸ்க்ரமின் பக்கவாட்டில் நிற்பவர்). தென்னாப்பிரிக்காவுக்கு முதல் டெஸ்ட் ஆடியதே போன வருடம், 35 வயதில்.

நான் பன்னிரண்டு வருடம் டைட்ஹெட் (வலப்பக்க) பிராப் ஆடியவன், உள்ளூர் மட்டத்தில்தான், யாரும் காசு கொடுத்துப் பார்க்காத ஆட்டங்கள். ஹூக்கர் என்றால் நடுவில் தொங்கிக்கொண்டு காலால் பந்தைப் பின்னுக்கு இழுப்பவர் என்று நினைப்பார்கள். அது பாதி வேலை. ஒரு முறை எங்கள் ஹூக்கர் விலா எலும்பை உடைத்துக்கொண்டு போனார், மழை நாள், ஒரு ஃபிளாங்கர் அந்த இடத்துக்கு வந்தார். நல்ல பலசாலி, சின்ன வயதில் ஹூக்கர் ஆடியிருக்கிறேன் என்றார். ஸ்க்ரமில் சமாளித்துவிட்டார், அதுதான் வேடிக்கை. மாட்டிக்கொண்டது லைன்-அவுட்டில், அதாவது எல்லைக் கோட்டுக்கு வெளியே போன பந்தை ஹூக்கர் உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது. பந்தை இரண்டு கையால் தலைக்குப் பின்னால் கொண்டு போய் எறிய வேண்டும், குதிப்பவரைத் தூக்கும் இருவரும் குதிப்பவரும் எறிபவரும் ஒரே மூச்சில் இயங்க வேண்டும், கால் நொடி முந்தினாலோ பிந்தினாலோ பந்து எதிரணிக் கையில். எங்கள் பழைய ஹூக்கர் ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் இடது கையை ஜெர்சிக்குள் விட்டு வயிற்றிலேயே துடைப்பார், அப்புறம் பந்தை ஒரு சுற்று சுற்றித் தையலைத் தேடிப் பிடிப்பார். வந்தவர் அதையெல்லாம் செய்யவில்லை. முதல் பந்து சறுக்கிக்கொண்டு குதிப்பவரின் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் போனது, இரண்டாவது குறுக்கே போனது. மூன்றாவதிலிருந்து எங்கள் கேப்டன் பெனால்டி கிடைத்தாலும் பந்தை வெளியே உதைத்து லைன்-அவுட் வாங்குவதையே தவிர்க்க ஆரம்பித்தார். ஒரு ஆள் மாறியதால் ஆட்டத் திட்டமே மாறிவிட்டது.

சனிக்கிழமை இரவு பாரிசில் மழை இருக்கும் என்கிறார்கள்.

பச்சைச்சட்டை

அண்ணே, தூக்கம் வர வழி கேட்டேன், இருந்த கொஞ்சத்தையும் பறித்துவிட்டீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஹூக்கருக்கு அடிபடுவதும் ஸ்க்ரம்-ஹாஃபுக்கு அடிபடுவதும் ஒரே அளவு வாய்ப்புதானே? ஃபூரியாவது பழைய ஹூக்கர். ஒன்பதில் ஃபாஃபுக்கு அடுத்து யாருமே அந்த வேலையைத் தொழிலாகச் செய்தவர் இல்லை. அப்படிப் பார்த்தால் என் ஓட்டைதானே பெரிய ஓட்டை?

டைட்ஹெட்3

ஓட்டையின் அளவைப் பார்க்காதீர்கள் தம்பி, ஒழுகினால் எது நனையும் என்று பாருங்கள்.

ஃபாஃப் போனால் பந்து கொஞ்சம் தாமதமாக வரும், பாக்ஸ் கிக் (ஒன்பதாம் எண் உயரமாக உதைப்பது) சுமாராக இருக்கும், பொல்லார்ட் இன்னும் கொஞ்சம் பின்னால் நின்று உதைப்பார். கோல்பே புத்திசாலி, சமாளிப்பார். ஹூக்கர் போனால் அடிபடுவது இந்த அணி எதை நம்பி ஏழு ஃபார்வர்டுகளை உட்கார வைத்திருக்கிறதோ அதே ஸ்க்ரமும் லைன்-அவுட்டும்தான். காலிறுதியில் டாமியன் வில்லெம்ஸ சொந்த எல்லைக்குப் பக்கத்தில் பந்தைப் பிடித்து மார்க் (தடையில்லாமல் உதைக்கும் உரிமை) கேட்டு, உதைக்காமல் ஸ்க்ரம் வேண்டும் என்று கையைக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? உலகத்தில் வேறு எந்த அணியும் அதைச் செய்யாது. அவ்வளவு நம்பிக்கை அந்த ஸ்க்ரம் மேல்.

போங்கி போய், அப்புறம் ஃபூரிக்கும் ஏதாவது ஆனால்? பயிற்சி பெற்ற ஹூக்கர் வேறு யாரும் இல்லையென்றால் நடுவர் போட்டியில்லா ஸ்க்ரம் என்று அறிவிப்பார். அதாவது தள்ளக் கூடாது, பந்தை உள்ளே விட்டவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதோடு முடியாது. 23 பேர் கொண்ட அணியில் யார் வெளியேறியதால் அந்த நிலை வந்ததோ அவருக்குப் பதில் ஆள் இறக்கவும் முடியாது, 14 பேர்தான். போன வருடம் பிப்ரவரியில் டப்ளினில் இத்தாலிக்கு நடந்தது. தொடங்கிய ஹூக்கர் காயத்தில் போனார், மாற்று ஹூக்கர் சிவப்பு அட்டை வாங்கினார், இருபது நிமிடம்கூட ஆகவில்லை, இத்தாலி 13 பேரோடு மீதி ஆட்டத்தை ஆடி அயர்லாந்திடம் 57-6 என்று உதை வாங்கியது. வேண்டுமென்றே ஸ்க்ரமைத் தவிர்க்கும் அணிகளை அடக்க வைத்த விதி, பாவம், உண்மையிலேயே ஆள் இல்லாதவர்களையும் அடித்துவிட்டது.

அப்படி ஆனால் பெஞ்சில் பிராப்கள் ந்சே எதற்கு, நியாகானே எதற்கு? முழு வெடிமருந்தும் நனைந்த பட்டாசு.

கணக்குப்பிள்ளை

டைட்ஹெட் அண்ணன் சொல்வதில் தவறு இல்லை, ஆனால் இரண்டு ஹூக்கரும் போவதென்பது கொஞ்சம் அதிகப்படியான கற்பனை. இதெல்லாம் நடக்குமா என்று யோசித்தால் வீட்டை விட்டே வெளியே போக முடியாது.

டைட்ஹெட்3

இரண்டு பேரும் போவது கற்பனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒருவர் சீக்கிரமே போவது கற்பனை இல்லை. 2019 இறுதிப் போட்டியை மறந்துவிட்டீர்களா? மூன்றாவது நிமிடத்தில் இங்கிலாந்தின் கைல் சிங்க்லர் மயங்கி விழுந்தார், அவர் டைட்ஹெட் பிராப். டான் கோல் மீதி 77 நிமிடத்தையும் ஆட வேண்டியதாயிற்று, எதிரே நின்றவர் பீஸ்ட் ம்டவரிரா. அந்த மனிதனின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை, ஒவ்வொரு ஸ்க்ரமிலும் மேலே எழும்பிப் போனார். அங்கேயே ஆட்டம் முடிந்துவிட்டது, 32-12 என்பது சும்மா கணக்குக்கு.

அதே ஆட்டத்தில் நம் பக்கம் இருபது நிமிடத்துக்குப் பக்கத்தில் வெளியேறியவர் யார் தெரியுமா? இதே போங்கி. அவரோடு லாக் (ஸ்க்ரமின் இரண்டாம் வரிசை) லூட் டி யாகரும் போனார். அது யாருக்கும் ஞாபகம் இல்லை, ஏன் என்றால் உள்ளே வந்தவர் மார்க்ஸ். உலகத்தின் மிகச் சிறந்த ஹூக்கர்களில் ஒருவர் ஒரு மணி நேரம் ஆடினார், சேதமே தெரியவில்லை. இந்த முறை அந்த நாற்காலியில் மார்க்ஸ் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்.

அப்புறம், அந்த 2019 பெஞ்ச் 6-2. அதில் மாற்று ஸ்க்ரம்-ஹாஃபும் இருந்தார்.

கறுப்புச்சட்டை

சரி, இப்போது கிண்டலை விட்டுவிட்டுப் பேசுகிறேன், ஏனென்றால் எனக்கும் என் அணித் தேர்வில் ஒரு மனக்குறை இருக்கிறது, இவ்வளவு நேரம் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அரையிறுதியில் தொடங்கிய லாக் சாம் வைட்லாக்கை எங்கள் பயிற்சியாளர் ஃபாஸ்டர் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார், பிராடி ரெட்டாலிக் தொடங்குகிறார். 2011, 2015 இரண்டு கோப்பையும் வாங்கியவர் வைட்லாக், மூன்றாவதுக்கு ஆடுகிறார். அயர்லாந்துக்கு எதிரான காலிறுதி ஞாபகம் இருக்கிறதா, நேரம் முடிந்தபிறகும் 37 கட்டம் பந்தை வைத்துக்கொண்டு முட்டினார்களே? கடைசியில் குனிந்து கையை விட்டுப் பந்தைப் பிடுங்கியது வைட்லாக். 35 வயது. அவரைத் தொடக்கத்திலிருந்து ஆட வைக்க வேண்டும் என்பதுதான் என் முதல் எண்ணம்.

ஆனால் இங்கே நீங்கள் பேசுவதைப் படித்தபிறகு ஃபாஸ்டர் செய்தது புரிகிற மாதிரி இருக்கிறது. உங்கள் ஏழு பேரும் 50-ஆம் நிமிடத்தில் வரிசையாக இறங்கும்போது எங்கள் பக்கம் களைத்த கூட்டம் நிற்கக் கூடாது, அமைதியான ஒருவர் வர வேண்டும். லைன்-அவுட்டைப் படிப்பதில் வைட்லாக்கை விடச் சிறந்தவர் இல்லை. ஃபூரி அந்த நேரத்தில் எறிந்துகொண்டிருந்தால், எதிரே வைட்லாக் குதித்தால், டைட்ஹெட் சொன்ன மழைக் கதை நினைவுக்கு வருகிறது. பிராப் லாவ்லாலாவையும் பெஞ்சில் கொண்டுவந்திருக்கிறார்கள், அதுவும் ஸ்க்ரமுக்காகத்தான். ஆக அவர்களும் உங்கள் 50-ஆம் நிமிடத்தைப் பார்த்துத்தான் அணி போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் ட்விக்கனமில் 35-7 வாங்கினோமே, அதைச் சுட்டிக்காட்ட யாராவது வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அதுவரையிலான எங்கள் வரலாற்றிலேயே மோசமான தோல்வி. அன்றும் நீங்கள் 7-1தான். ஸ்காட் பாரெட் இரண்டாவது மஞ்சளில் சிவப்பு வாங்கியதால் 14 பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுவரவு

இந்த அளவுக்கு ஒரு நாற்காலிக்குப் பின்னால் கதை இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு சந்தேகம்: அப்படியென்றால் மார்க்ஸுக்குப் பதில் ஹூக்கரையே அழைத்திருக்க வேண்டும், பொல்லார்டை அழைத்தது தவறு என்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை

அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. பொல்லார்ட் இல்லையென்றால் அரையிறுதியிலேயே விமானம் ஏறியிருப்போம். ஹூக்கரை அழைத்திருந்தால் இன்று 16-ஆம் எண்ணில் நல்ல ஆள் இருந்திருப்பார், ஆனால் அவர் உட்கார இறுதிப் போட்டியே இருந்திருக்காது.

பச்சைச்சட்டை

இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு நாளில் முதல் முறை. அதாவது என்னைக் காப்பாற்றிய முடிவும் என் தூக்கத்தைக் கெடுக்கும் முடிவும் ஒன்றேதான்.

சரி, கணக்குப்பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், மாற்று ஃபிளை-ஹாஃபுக்கு நாற்காலி வீண். ஆனால் ஒன்பதில் இன்னும் முழுசாக மனம் ஒப்பவில்லை. நானாக இருந்தால் 6-2, பெஞ்சிலிருந்து லாக் கிளைனை எடுத்துவிட்டு ரைனாக்கை வைத்திருப்பேன். லாக் மாற்றுக்கு ஸ்நைமன் ஒருவரே போதும், அவசரத்துக்கு டு டோய்ட்டும் லாக் ஆடக் கூடியவர்.

கணக்குப்பிள்ளை

நானும் இதை யோசித்தேன். டு டோய்ட்டை லாக்குக்கு நகர்த்தினால் டாக்கிள் அடிக்க ஆள் குறையும். நியூசிலாந்தின் மோங்கா, ஜோர்டி பாரெட் இருவரும் ஓடி வரும் வழியில் 7-ஆம் எண் நிற்க வேண்டும். அவரை அங்கிருந்து எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மழையில் ஆட்டம் மாலுக்கும் ஸ்க்ரமுக்கும் சுருங்கினால் தொடங்கும் லாக்குகள் எட்ஸபெத், மோஸ்டர்ட் இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்க வசதி இருப்பது பெரிய விஷயம். இருந்தாலும் உங்கள் 6-2 பைத்தியக்காரத்தனம் இல்லை, ஒரு சாதாரண பயிற்சியாளர் அதைத்தான் செய்வார்.

கறுப்புச்சட்டை

அதாவது ராஸி சாதாரணம் இல்லை என்கிறீர்கள். தோற்றால் வேறு வார்த்தை சொல்வீர்கள், பார்க்கத்தான் போகிறோம். மூன்று கோப்பை உங்களுக்கு, மூன்று எங்களுக்கு.

புதுவரவு

சனிக்கிழமை இரவு பார்க்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

டைட்ஹெட்3

பந்தைப் பார்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவுக்கு லைன்-அவுட் கிடைக்கும்போது எல்லைக் கோட்டில் பந்தோடு நிற்பவரின் முதுகைப் பாருங்கள். அதில் 2 என்று இருக்கிறதா 16 என்று இருக்கிறதா என்பது போதும்.

பச்சைச்சட்டை

60-ஆம் நிமிடம் வரைக்கும் 2 இருந்தால் நான் சமாதானமாகிவிடுவேன்.

டைட்ஹெட்3

நான் 20 போதும் என்பேன்.